நடுக்குப்பி

டிசம்பரில் எல்லோரும்
விலையிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.
'நாற்பது பவுண்டுக்குள், பார்க்கப் பெரிதாக' என்கிறார்
மாமனாருக்கு வாங்க வந்தவர்.
'மரப்பெட்டிதானே?' என்கிறாள்
மேலாளருக்கு வாங்க வந்தவள்.
அவருக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டால்
சன்னல் வழியே கட்டிக்கிடக்கும் படகுகளைப் பார்க்கிறார்கள்,
விடை அங்கே மிதப்பதுபோல.

நானும் சுற்றி வளைத்துக் கேட்டுப்பார்ப்பேன்.
தேநீரில் பால் விடுவாரா?
மழை நாளில் சன்னலைத் திறந்துவைக்கிற ஆளா?
'அவர் விஸ்கி குடிப்பவர்' என்பார்கள்,
மீன் தண்ணீரில் இருக்கும் என்பதுபோல.

டூகல்ட் மெக்விக்கர் வந்தது இருபத்து மூன்றாம் தேதி,
கடை சாத்த இருபது நிமிடம் இருக்கும்போது.
தொப்பியிலிருந்து ஆலங்கட்டி உதிர்ந்தது.
மூன்று சிறு குப்பிகள் வைத்த பெட்டி வேண்டும் என்றார்,
எந்த மூன்று என்று நீயே பார்.
யாருக்கு என்றேன்.
'ஹெக்டர் மெக்ஃபெய்லுக்கு' என்றார்
காலில் தைத்த முள்ளின் பெயரைச் சொல்வதுபோல.

டார்பர்ட்டில் அந்த வழக்கு தெரியாதவர் இல்லை.
இருவர் தோட்டத்துக்கும் நடுவே ஒரு கல் மதில்.
அது ஒன்றரை அடி இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று
பதினோரு ஆண்டுகள், இரண்டு வக்கீல்கள்,
ஒரு நில அளவையாளர்;
அவர் ஊரைவிட்டே போய்விட்டார்.

அவருக்கு என்ன பிடிக்கும் என்று
பழக்க தோஷத்தில் கேட்டுவைத்தேன்.
டூகல்ட் கண்ணை மூடிக்கொண்டார்.

'காலை ஆறுக்கு ரொட்டி கருகும். தினமும்.
கவனக்குறைவு இல்லை, வேண்டுமென்றே.
ஞாயிறென்றால் புகைபோட்ட ஹெர்ரிங் மீன்;
நான் காயப்போட்ட சட்டையெல்லாம் அந்த வாடை.
படகுக்குத் தார் பூசும் நாளில்
வேலை முடிந்த பிறகும் வாளி பக்கத்தில் உட்கார்ந்திருப்பான்.
யாராவது கேக் கொடுத்தால்
மேலிருக்கும் சர்க்கரையைச் சுரண்டிக் குருவிக்குப் போடுவான்.
உதட்டில் கடலுப்பு காய்ந்தால்
துடைக்க மாட்டான்.'

அந்த வாரம் வந்த மகன்கள், மருமகள்கள்,
முப்பது வருடம் உடன் வாழ்ந்த மனைவிமார்,
ஒருவர்கூட இத்தனை சொல்லவில்லை.

கை தானாகப் போனது.
சதுப்பு மண்ணை எரித்த புகையில் வாட்டிய பார்லி, ஒன்று.
கடலோரக் கிடங்கில் உப்புக்காற்று குடித்துக் கிடந்தது, இன்னொன்று.
மூன்றாவதையும் புகையாகவே வைத்திருக்கலாம்.
எனக்குள் இருக்கும் கடைக்காரி விடவில்லை.
பெட்டி என்றால் ஒன்றாவது மாறித் தெரிய வேண்டும் என்று
ஷெர்ரி பீப்பாயில் பதினைந்து வருடம் உறங்கியதை,
உலர்திராட்சையும் ஆரஞ்சுத் தோலுமாக மணப்பதை
நடுவில் வைத்தேன்.

அட்டையில் என்ன எழுத?
'ஒன்றும் வேண்டாம். என் கையெழுத்து
வக்கீல் கடிதங்களில் அவனிடம் வேண்டியமட்டும் இருக்கிறது.'

ஏன் இந்த வருடம் என்று கேட்காமல் நாக்கைக் கடித்திருந்தேன்.
சில்லறையை எண்ணி வைத்தபடி அவரே சொன்னார்:
'பத்து நாளாக ரொட்டி கருகவில்லை.
நேற்றுத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்கிறான்.'

பிப்ரவரி நடுவில் ஹெக்டர் வந்தார்.
கோட்டு அவரைவிட இரண்டு அளவு பெரிதாகியிருந்தது.
மேசைமேல் நடுக்குப்பியை வைத்தார், திறக்காதது.
'மற்ற இரண்டும் தீர்ந்தன. டாக்டரிடம் சொல்லாதே.
இது எனக்கானதில்லை.
பதினோரு வருடமாக ஆரஞ்சு தின்று
தோலை என் பக்கம் எறிகிற ஒருவன் இருக்கிறான்.
இதை அவனுக்குக் கட்டிக் கொடு.'

தாளுக்கும் நாடாவுக்கும் மட்டும் காசு வாங்கினேன்.
கதவுவரை போனவர் திரும்பினார்.
'மதிலைத் தள்ளிக் கட்டியது அவன்தான், தெரியுமா?'
'தெரியும்' என்றேன்.
டூகல்டிடமும்
அதையேதான் சொல்லியிருந்தேன்.